ஒரே ஓட்டுநர், இரண்டு சாலைகள்: போக்குவரத்துப் பண்பாடு என்றால் என்ன?

என் பெரியம்மா மகன் துபாயில் பதினான்கு ஆண்டுகளாகக் கனரக வண்டி ஓட்டுகிறார். சென்ற முறை அவர் விடுமுறையில் வந்தபோது அவரை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். வாடகைக் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் அவருடைய கை தானாகவே தோளுக்கு மேலே போய் சீட் பெல்ட்டை இழுத்தது. மாட்டப் பார்த்தால் இடமில்லை. எச்சரிக்கை மணி அடிக்காமல் இருப்பதற்காக அந்தத் துளையில் வெறும் கொக்கி ஒன்றை ஓட்டுநர் ஏற்கெனவே செருகி வைத்திருந்தார். "அதெல்லாம் எதுக்குண்ணே, பைபாஸ்ல யாரும் நிக்க மாட்டாங்க" என்றார் அவர். அண்ணன் ஒரு கணம் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி இருந்துவிட்டு மெதுவாக விட்டார். அது சுருண்டு உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அவர் தலைக்கவசம் இல்லாமல், பெட்ரோல் பங்க்குக்குச் சுற்றிப் போக மனமில்லாமல், எதிர்த்திசையில் இருசக்கர வண்டி ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஓராண்டில் 24 கரும்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும் நாட்டில், இத்தனை ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட வாங்காதவர் அவர்.

மூன்று நாளில் ஒருவருடைய குணம் மாறிவிடாது. அவருடைய கண்பார்வை, ஓட்டும் திறமை, உயிர்மேல் உள்ள ஆசை, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள்மேல் உள்ள பாசம் எல்லாம் அப்படியேதான் இருந்தன. மாறியது அவரைச் சுற்றியிருந்த சாலை; அந்தச் சாலையில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள், தவறு செய்தால் என்ன நடக்கும் என்று அவர் மனத்துக்குள் போட்டுவைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்குக்குத்தான் ஆய்வாளர்கள் போக்குவரத்துப் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான்' என்று நாம் சலிப்போடு சொல்லும் பல பழக்கங்கள் பிறவியோடு வந்தவை அல்ல என்பதை இந்தக் கருத்து புரியவைக்கிறது என்பதால், புதிதாக வண்டி ஓட்டக் கற்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகமெங்கும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறந்தனர். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு இதுவே முதற்காரணம். இறந்தவர்களில் 92 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலகிலுள்ள வாகனங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் அந்நாடுகளில் ஓடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு விளங்கும். இந்தியாவில் மட்டும் 2022ஆம் ஆண்டில் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

சாலையைக் கடக்கும் கலை

போக்குவரத்துப் பண்பாடு என்பது புலப்படாத ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒரு சாலையைக் கடந்து பார்த்தால் அது காலுக்கடியில் தட்டுப்படும்.

நார்வேயின் ஆஸ்லோவில், சிக்னல் இல்லாத வரிக்கோட்டுக் கடவையின் ஓரத்தில் ஒருவர் வந்து நின்றால் வருகிற கார் நிற்கும். நடப்பவர் கையைக் காட்டுவதில்லை, ஓடுவதில்லை, நன்றிகூடப் பெரும்பாலும் சொல்வதில்லை. கார் நிற்பது உதவி என்ற கணக்கிலேயே வராது. வியட்நாமின் ஹனோயில் அப்படி ஓரத்தில் நின்றால் மாலைவரை நிற்கவேண்டியதுதான். அங்கே இறங்கி, ஒரே சீரான மெதுவான நடையில், நிற்காமலும் பின்வாங்காமலும் போகவேண்டும். நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் ஆற்று நீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல நம்மைச் சுற்றிப் போகும். பயந்து நடுவில் நின்றாலோ திடீரென்று ஓடினாலோதான் ஆபத்து. ஏனெனில் ஒவ்வோர் ஓட்டுநரும் நம்முடைய அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்துத்தான் வண்டியைத் திருப்புகிறார். சென்னையில் இரண்டுமில்லை. அங்கே ஒரு கையை உயர்த்தி, வருகிற வண்டியின் ஓட்டுநரைக் கண்ணுக்குக் கண் பார்த்து, அவர் வேகத்தைக் குறைக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, பாதி தூரம் கடந்து, நடுக்கோட்டில் நின்று, மறுபாதிக்கு மீண்டும் அதே பேச்சுவார்த்தையைத் தொடங்கவேண்டும்.

மூன்றும் அந்தந்த ஊர்க்காரர்களுக்குப் பழகியவை, மூன்றிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் மூன்றும் சமமான பாதுகாப்பைத் தருவதில்லை என்பதை மறைக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு முழுவதிலும் ஆஸ்லோ நகரில் நடந்துபோன ஒருவரோ சைக்கிளில் போன ஒருவரோ சாலை விபத்தில் இறக்கவில்லை. இறந்தது ஒரே ஒரு கார் ஓட்டுநர். பேச்சுவார்த்தையை நம்பி நடக்கும் சாலையில் இளைஞர்கள் சமாளித்துவிடுவார்கள். கண்பார்வை மங்கிய பாட்டியும், உயரம் போதாத ஆறு வயதுச் சிறுவனும், இருட்டில் எதிரே வருகிறவரின் கண்ணைப் பார்க்க முடியாத யாரும் அந்தப் பேச்சுவார்த்தையில் தோற்றுப்போவார்கள்.

ஒரே சைகை, இரண்டு பொருள்

ஓட்டுநர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் மொழியும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் எதிரே வரும் கார் ஹெட்லைட்டை ஒருமுறை அடித்தால், 'நீங்கள் போங்கள்' என்றுதான் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தவேண்டும் என்று அந்நாட்டுச் சாலை விதிநூல் சொன்னாலும் வழக்கம் அப்படி வளர்ந்துவிட்டது. நம் ஊரில் அதே வெளிச்சத்துக்கு 'நான் வந்துகொண்டிருக்கிறேன், குறுக்கே வராதே' என்று பொருள். ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல அபாய விளக்கை இரண்டு மூன்று முறை மினுக்குவார்கள். ஜெர்மனியில் ஹாரன் என்பது ஆபத்தை உணர்த்த, அல்லது ஊருக்கு வெளியே முந்தப்போவதைத் தெரிவிக்க மட்டும். இந்தியாவில் லாரியின் முதுகிலேயே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். இங்கே ஹாரன் திட்டு அல்ல, பெரும்பாலும் அறிமுகம்.

இந்த மொழியில் ஒரு சொல் மட்டும் என்னை எப்போதும் அச்சப்படுத்துகிறது. இரவு நேரம், நான்குவழிச் சாலையாக மாறாத ஒரு மாநில நெடுஞ்சாலை, முன்னால் ஒரு லாரி. நீங்கள் முந்துவதற்காக ஒளியடிக்கிறீர்கள். லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர் மினுங்கத் தொடங்குகிறது. சட்டப்படி அதன் பொருள், 'நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன், அல்லது நானே முந்தப் போகிறேன், வராதே'. ஆனால் நம் நெடுஞ்சாலைகளில் பல மூத்த ஓட்டுநர்கள் அதே விளக்கைப் போட்டு, 'எதிரே வண்டி இல்லை, நீ முந்திப் போகலாம்' என்கிறார்கள். முற்காலத்தில் கிளீனர் இடப்பக்கமிருந்து கையை வீசிச் சொன்ன அதே செய்தி இப்போது விளக்குக்கு மாறியிருக்கிறது. மெக்சிகோவிலும் நெடுஞ்சாலை லாரிகள் இண்டிகேட்டர் மூலம் இப்படி வழி சொல்வது உண்டு. அன்போடு சொல்லப்படும் செய்திதான் அது. ஆனால் ஒரே விளக்குக்கு 'வா' என்றும் 'வராதே' என்றும் இரண்டு பொருள் இருக்கும்போது, பின்னால் வருபவர் எந்தப் பள்ளியில் படித்தவர் என்பதைப் பொறுத்து உயிர் நிற்கிறது. அந்த விளக்கைக் கண்டால் லாரியின் முன்சக்கரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்வரை பின்னாலேயே போகச் சொல்லித்தான் நான் கற்றுக்கொடுப்பேன். அரை நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஆக, ஆபத்தின் முதல் ஊற்று எதிர்பார்ப்புகள் மோதுவது. எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றும்போது விசித்திரமான வழக்கம்கூட ஓரளவு தாங்கிக்கொள்ளும். பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் வேறொன்றையும் எதிர்பார்க்கும் சாலைதான் கொல்கிறது.

பிழை வேறு, மீறல் வேறு

ஓட்டுநரின் நடத்தையைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் அவருடைய குழுவினரும் 1990இல் ஓட்டுநர்களுக்கான ஒரு வினாநிரலை வெளியிட்டனர். பின்னாளில் அது பற்பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டது. அதன் அடிப்படை எளிமையானது. கண்ணாடியைப் பார்க்க மறப்பது, தூரத்தைத் தவறாகக் கணிப்பது, பிரேக்குக்குப் பதிலாக வேறொன்றை மிதிப்பது போன்றவை பிழைகள். செய்ய நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று. வேகவரம்பைத் தாண்டுவது, சிவப்பு விளக்கில் போவது, குடித்துவிட்டு ஓட்டுவது, முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு விரட்டுவது ஆகியவை மீறல்கள், தெரிந்தே செய்பவை.

பிழை மனித மூளையின் இயல்பிலிருந்து வருகிறது. ஸ்டாக்ஹோமில் ஓட்டுபவரும் தூக்கக் கலக்கத்தில் தவறு செய்வார், தஞ்சாவூரில் ஓட்டுபவரும் செய்வார். பண்பாட்டின் கை ஓங்கியிருப்பது மீறல்களில். எது மீறல், எது 'எல்லோரும் செய்வது' என்பதைச் சுற்றியிருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பின்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து, கிரீஸ், துருக்கி, ஈரான் ஆகிய ஆறு நாடுகளின் ஓட்டுநர்களை இதே வினாநிரலைக் கொண்டு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது; நாடுகளுக்கிடையே ஓட்டும் பாணியில் வேறுபாடுகள் இருப்பதை அது காட்டியது. பிழைக்கு மருந்து பயிற்சி, ஓய்வு, நல்ல சாலை. மீறலுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. வேகமாகப் போவது தவறு என்று தெரியாததால் யாரும் வேகமாகப் போவதில்லை.

மீறல்களில் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 'பத்து கிலோமீட்டர்தானே கூட' என்பது எல்லா மொழிகளிலும் சொல்லப்படும் சமாதானம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர், மற்றது 60. இருபத்தெட்டு மீட்டருக்கு முன்னால் ஒரு சிறுமி பந்தின் பின்னால் ஓடி வருகிறாள். இரு ஓட்டுநர்களுக்கும் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஐம்பதில் வந்த கார் அந்த ஒரு வினாடியில் 14 மீட்டரும் பிரேக் பிடித்தபின் மேலும் 14 மீட்டரும் போய், சிறுமியின் பாவாடை நுனியருகே நின்றுவிடுகிறது. அறுபதில் வந்த கார் அந்த ஒரு வினாடியிலேயே ஏறத்தாழ 17 மீட்டர் போய்விட்டது. மிச்சமிருக்கும் 11 மீட்டரில் அது எவ்வளவு முயன்றாலும், சிறுமி நிற்கும் இடத்துக்கு வரும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர். முதல் காருக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் பத்து அல்ல, நாற்பது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான். இதற்கு மட்டும் நாடு, மொழி, பண்பாடு எதுவும் கிடையாது.

பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள்

ஒருவர் தன் நாட்டுப் பழக்கத்தை எவ்வளவு தூரம் சுமந்து செல்கிறார், எப்போது கீழே வைக்கிறார் என்பதை அளந்து பார்க்க நியூயார்க் நகரம் ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. அங்கே ஐக்கிய நாடுகள் அவைக்கு உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளிலிருந்தும் தூதரக அதிகாரிகள் வந்து தங்குகிறார்கள். தூதரக விலக்கு இருந்ததால், வண்டியைத் தடைசெய்த இடத்தில் நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினாலும் அவர்கள் பணம் கட்டவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஒரே நகரம், ஒரே தெரு, ஒரே சட்டம், எவருக்கும் தண்டனை இல்லை. பொருளாதார அறிஞர்களான ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகுவேலும் 1997 முதல் 2002 வரையிலான அந்தச் சீட்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கட்டப்படாமல் கிடந்தவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். சுவீடன், நார்வே, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளின் அதிகாரிகள் தண்டனைப் பயமே இல்லாதபோதும் ஒரு சீட்டைக்கூட பாக்கி வைக்கவில்லை. குவைத்தின் அதிகாரிகள் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். பொதுவாக, ஊழல் மிகுந்தவை என்று மதிப்பிடப்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகமாக விதியை மீறியிருந்தார்கள். பண்பாடு பயணப்பெட்டியோடு கூடவே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் கதையின் மறுபாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 2002இன் இறுதியில், பாக்கி வைத்திருக்கும் தூதரக வண்டிகளின் எண்பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்தது. அதன்பின் பாக்கிச் சீட்டுகள் ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்தன. அதே மனிதர்கள், அதே பெட்டி. வாகனம் நிறுத்துவது உயிர்போகும் விஷயம் இல்லைதான். ஆனால் பழக்கம் எவ்வளவு ஆழமானதாகத் தோன்றினாலும், விளைவு உறுதி என்று தெரிந்தால் அது எவ்வளவு விரைவில் இளகும் என்பதை இது காட்டுகிறது. என் அண்ணன் செய்ததும் இதேதான், திசை மட்டும் வேறு.

உயிர்போகும் விஷயத்துக்கு வியட்நாமைப் பார்க்கலாம். அந்நாட்டில் தலைக்கவசத்தைச் 'சோற்றுப் பானை' என்று கேலி செய்தார்கள். வெயிலுக்கு ஆகாது, தலைமுடி கலையும், காது கேட்காது என்று நம் ஊரில் கேட்கும் எல்லாக் காரணங்களும் அங்கேயும் சொல்லப்பட்டன. 2007 டிசம்பர் 15 அன்று, எல்லாச் சாலைகளிலும் எல்லா மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அறிவிப்பு பல மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது, அந்த நாள் முதல் காவலர்கள் உண்மையாகவே தெருவில் நின்றார்கள். அதற்குமுன் பாதியைக்கூட எட்டாதிருந்த பயன்பாடு உடனடியாக 90 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரே இரவில் ஒரு நாட்டின் 'இயல்பு' மாறியது. இன்னொரு நுட்பமும் உண்டு. தொடக்கத்தில் சிறுவர்களுக்காக அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் தந்தையும் தாயும் தலைக்கவசத்தோடு, நடுவில் பிள்ளை வெறுந்தலையோடு போகும் காட்சி நெடுநாள் தொடர்ந்தது. பிள்ளைமேல் பாசம் இல்லாமலா? சட்டம் எதுவரை நீண்டதோ அதுவரை வழக்கமும் நீண்டது.

ஜப்பானின் வழி வேறு. இன்று ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் அந்நாட்டில் 1970ஆம் ஆண்டில் 16,765 பேர் சாலையில் இறந்தார்கள். 'போக்குவரத்துப் போர்' என்று அங்கே அதைக் குறிப்பிட்டார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 2,678. இரண்டுமே விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களின் கணக்கு. இடையில் நடைபாதைகளும் சிக்னல்களும் மருத்துவ வசதியும் பெருகின. குடித்துவிட்டு ஓட்டும் பழக்கம் மட்டும் எளிதில் மசியவில்லை, ஏனென்றால் அலுவலகம் முடிந்தபின் மேலதிகாரியோடு சேர்ந்து குடிப்பது அங்கே வேலையின் ஒரு பகுதி போன்றது, மறுப்பது மரியாதைக் குறைவு. 2006இல் ஃபுகுவோக்காவில் குடித்திருந்த ஓட்டுநர் ஒருவரின் கார் பின்னால் மோதியதில் ஒரு குடும்பத்தின் வண்டி பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தபோது நாடே கொந்தளித்தது. மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. குடித்து ஓட்டியவரோடு, அவருக்கு வண்டி கொடுத்தவர், அவர் ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே மது ஊற்றிக்கொடுத்தவர், குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் தன்னைக் கொண்டுபோய் விடச் சொல்லி உடன் ஏறியவர் ஆகியோரும் தண்டனைக்கு உரியவர்கள் ஆனார்கள். இந்தத் திருத்தம் பண்பாட்டை எதிர்த்துப் போரிடவில்லை, அதன் நரம்பைப் பிடித்தது. கூட்டாகக் குடிக்கும் வழக்கம் இருந்தால் பொறுப்பும் கூட்டாகவே இருக்கட்டும் என்றது. இப்போது கடைக்காரரே 'வண்டியிலா வந்தீர்கள்?' என்று கேட்கிறார். வாடிக்கையாளரின் காரை அவர் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டுபோய் விடுவதற்கென்று தனி நிறுவனங்கள் இரவெல்லாம் இயங்குகின்றன.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் மேயராக 1995இல் பொறுப்பேற்ற அந்தானாஸ் மோக்குஸ், தண்டனையை விடுத்து வெட்கத்தைக் கையில் எடுத்தார். தத்துவமும் கணிதமும் படித்த பேராசிரியர் அவர். தம் மக்கள் அபராதத்தைவிட நாலுபேர் முன்னால் கேலிக்கு ஆளாவதற்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்று கருதி, முகத்தில் வெள்ளை பூசிய மௌன நடிகர்களை முச்சந்திகளில் நிறுத்தினார். கடவைக் கோட்டின்மேல் காரை நிறுத்தியவர் முன்னால் போய் அவர்கள் கையை விரித்து வருந்துவதுபோல நடிப்பார்கள். நின்று வழிவிட்டவருக்குக் கைதட்டுவார்கள். ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதற்காக, ஒரு பக்கம் உயர்த்திய கட்டைவிரலும் மறுபக்கம் தாழ்த்திய கட்டைவிரலும் அச்சிட்ட 3,50,000 அட்டைகள் வழங்கப்பட்டன. நடந்துபோனவர்கள் அடிபட்டு இறந்த இடங்களில் சாலையிலேயே நட்சத்திரம் வரையப்பட்டது, மொத்தம் 1,500 நட்சத்திரங்கள். அவர் தொடங்கிவைத்த பத்தாண்டு காலத்தில் நகரின் சாலை இறப்புகள் பாதிக்கும் கீழே வந்தன. மதுக்கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு உள்ளிட்ட வேறு முயற்சிகளும் அப்போது இருந்தன என்பதால் எல்லாப் பெருமையையும் நடிகர்களுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அபராதத்துக்கு அசையாத ஒரு நகரம் அண்டைவீட்டாரின் பார்வைக்கு அசைந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஓட்டுநரின் தலையில் மட்டும் போடக்கூடாத பழி

இந்தியக் காவல்துறையின் பதிவுகளில் விபத்துக்கான காரணம் பெரும்பாலும் ஓட்டுநரின் வேகம் என்றே எழுதப்படுகிறது. 2022இல் இறந்தவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்குக் காட்டப்பட்ட காரணம் அதுதான். வேகம் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஓட்டுநர் ஏன் வேகமாகப் போனார் என்று பதிவேட்டில் கேட்க இடமில்லை. இலங்கையில் தனியார் பேருந்துகளின் ஓட்டுநரும் நடத்துநரும் அன்றைய வசூலை நம்பியே வாழ்கிறார்கள். முன்னால் போகும் பேருந்தை முந்தினால்தான் அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பயணிகள் அவர்களுக்குக் கிடைப்பார்கள். தமிழ்நாட்டின் தனியார் பேருந்துகளில் 'டைமிங்' என்ற ஒரு சொல்லுக்காகவே நிலையத்தில் சண்டை நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிமிடத்தை விலைக்கு விற்கும் ஏற்பாட்டில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, நிதானமாக ஓட்டும்படி பதாகை வைப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

விதியை நம்புவதையும் இதோடு சேர்த்துப் பலர் குறைசொல்கிறார்கள். 'தலையெழுத்து இருந்தால் வீட்டில் உட்கார்ந்தாலும் வரும்' என்பவர் பெல்ட் போடமாட்டார் என்பது ஓரளவு உண்மை. ஆனால் ஆயுத பூசையன்று தன் லாரியைக் கழுவி, சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கும் ஓட்டுநர் அந்த வண்டியை உயிருள்ள ஒன்றாக மதிக்கிறார். ஆண்டுக்கொருமுறை அதன் ஒவ்வொரு சக்கரத்தையும் அவர் கையால் தொடுகிறார். அதே நாளில் டயரின் தேய்மானத்தையும் பிரேக்கையும் பார்க்கவைத்துவிட்டால், அந்த நம்பிக்கைக்கும் பாதுகாப்புக்கும் எந்தப் பகையும் இல்லை.

சுவீடன் இந்தப் பழிபோடும் வழக்கத்தையே மாற்றிப்போட்டது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு அந்நாடு இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. குழப்பத்தில் விபத்துகள் பெருகும் என்று அஞ்சினார்கள், நடந்தது நேர்மாறு. எல்லோரும் பயந்து, மெதுவாக, ஒருவரையொருவர் பார்த்து ஓட்டியதால் விபத்துகள் குறைந்தன. சாலை பழகப் பழகப் பயம் போயிற்று, இரண்டே ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. மனிதனின் எச்சரிக்கையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இது ஒரு நாடளவிலான பாடம். 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'சுழிய இலக்கு'க் கொள்கை, மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறது. அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது சாலை போடுபவரின் கடமை என்கிறது. நேருக்கு நேர் மோதல்கள் மிகுந்த கிராமப்புற நெடுஞ்சாலைகளை அவர்கள் மூன்று தடங்களாகப் பிரித்து, நடுவில் எஃகு வடத்தடுப்பு போட்டார்கள். முந்துவதற்கான நடுத்தடம் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு திசைக்கும் மறு திசைக்கும் மாறி மாறிக் கிடைக்கும். அவசரக்காரருக்கு இன்னும் அவசரம்தான். ஆனால் எதிர்த்தடத்தில் ஏறி முந்த வழியில்லை, சற்றுப் பொறுத்தால் முறைப்படி முந்த வழி வரும். அப்படி மாற்றப்பட்ட சாலைகளில் இறப்புகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தன. நான் முன்பு சொன்ன லாரியின் வலப்பக்க விளக்குக்கு அப்படிப்பட்ட சாலையில் வேலையே இல்லை.

நம் நாட்டில் 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்த இருசக்கர வாகனப் பயணிகள் மட்டும் 50,029 பேர். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் அதற்கு அளவான தலைக்கவசமும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் இருக்கவேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. அந்தப் பட்டையை எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பொருளைத் தாம் பார்த்ததே இல்லை என்றார்கள் இருவர்.

எங்கள் தெருமுனையில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. காலை எட்டே முக்காலுக்கு அங்கே வரும் வண்டிகளில் பாதிக்குமேல் தலைக்கவசம் பெட்ரோல் டேங்க்கின்மேல் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருக்கும். வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ பிரதான சாலைத் திருப்பத்தில் போக்குவரத்துக் காவலர் நிற்பார். அன்றைக்கு மட்டும் திருப்பத்துக்கு இருபது அடி முன்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டி நிற்கும், பிள்ளையின் கையிலிருந்து தலைக்கவசம் தந்தையின் தலைக்கு ஏறும், காவலரைக் கடந்து பள்ளி வாசலுக்கு வந்ததும் மறுபடியும் டேங்க்குக்கு இறங்கும். அந்த இருபது அடியில் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.